புள்ளி குவிக்கும் நட்சத்திரத்தை டிரேடில் வாங்கலாமா? அடிக்கடி வரும் கேள்விகள்

பிப்ரவரியில் அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.யில், அணிகள் ஆட்டக்காரர்களைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளும் டிரேடுகளுக்கான கடைசி நாள் நெருங்கினால் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "ஆட்டத்துக்கு 28 புள்ளி எடுக்கிறவன் கிடைக்கிறான், நாலு பேரைக் கொடுத்துவிட்டு வாங்கிப் போட வேண்டியதுதானே?" என்பது ஒரு கட்சி. "அந்த நாலு பேர் போன பிறகு யாரை வைத்து ஆடுவது?" என்பது எதிர்க்கட்சி. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் 2011-ல் நியூயார்க் நிக்ஸ் அணி கார்மெலோ ஆந்தனியை வாங்கிய கதையைச் சுற்றியே வரும். அந்த டிரேடுக்கான விலையின் கடைசித் தவணை 2016-ல்தான் கட்டப்பட்டது. அதன் பலன் 2023-ல்தான் தெரிந்தது. ஒரு டிரேடை முழுசாக எடைபோட இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

வளவளவென்று வேண்டாம். வாங்கலாமா, கூடாதா?

வாங்கலாம். ஆனால் வருகிறவரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. அவர் வந்த பிறகு அவரோடு களத்தில் நிற்கப்போகும் மற்ற நான்கு பேர் யார் என்று பார்க்க வேண்டும். அவருக்குச் சரியான இடத்தில் பந்தைக் கொண்டுசேர்க்க ஒருவர், எதிரணியின் சிறந்த ஆட்டக்காரரை மறிக்க ஒருவர், கூடைக்கு அடியில் காவல் நிற்க ஒருவர் மிச்சமிருந்தால் வாங்குங்கள். அவர்களையே விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

கால்பந்து கிளப் மாதிரி பணம் கொடுத்து வாங்க முடியாதா?

முடியாது. என்.பி.ஏ.யில் அணிகளுக்குச் சம்பள வரம்பு உண்டு. 2024-25 பருவத்தில் அது சுமார் 14.06 கோடி டாலர். வரம்பைத் தாண்டி நிற்கும் அணி ஒரு பெரிய ஆட்டக்காரரை வாங்க நினைத்தால், கிட்டத்தட்ட அவருடைய சம்பளத்துக்கு ஈடான சம்பளக்காரர்களைப் பதிலுக்கு அனுப்ப வேண்டும். ரொக்கம் கொடுக்கலாம், ஆனால் அதற்கும் உச்சவரம்பு இருக்கிறது. பெரிய டிரேடுகளில் அது சில்லறைதான். அதனால் உண்மையான நாணயங்கள் இரண்டு: ஆட்டக்காரர்கள், வருங்கால டிராஃப்ட் பிக்குகள். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது டிராஃப்ட்; அதில் ஓர் அணிக்குக் கிடைக்கும் முறைதான் பிக். ஒப்பந்தம் முடிந்து விடுதலையான ஆட்டக்காரரை மட்டும், சம்பள இடம் இருந்தால், யாரையும் கொடுக்காமல் சேர்க்கலாம். இந்தக் கடைசி வரியை நினைவில் வையுங்கள். நிக்ஸ் கதையின் முடிச்சே அதில்தான் இருக்கிறது.

2011-ல் நிக்ஸ் என்ன கொடுத்தது, என்ன வாங்கியது?

பிப்ரவரி பிற்பகுதியில் டென்வர் நகெட்ஸ், மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் இரண்டையும் சேர்த்து மூன்று அணிகளுக்கு இடையே நடந்த டிரேட் அது. நிக்ஸுக்கு வந்தவர்களில் முக்கியமானவர்கள் கார்மெலோ ஆந்தனியும் சான்ஸி பில்லப்ஸும். டென்வருக்குப் போனவர்கள் டனிலோ கல்லினாரி, வில்சன் சாண்ட்லர், ரேமண்ட் ஃபெல்டன், டிமோஃபே மோஸ்கோவ். கூடவே 2014-ன் முதல் சுற்றுப் பிக், இரண்டு இரண்டாம் சுற்றுப் பிக்குகள், ரொக்கம், 2016-ல் முதல் சுற்றுப் பிக்கை மாற்றிக்கொள்ளும் உரிமை (இரண்டு அணிகளில் யாருடைய பிக் மேலே விழுகிறதோ அதை டென்வர் எடுத்துக்கொள்ளலாம்). மினசோட்டாவுக்கு எடி கரியும் ஆந்தனி ராண்டால்ஃபும் போனார்கள்.

பெயர்களாகப் படித்தால் இதன் கனம் புரியாது. கல்லினாரி, சாண்ட்லர், ஃபெல்டன் மூவரும் அந்தப் பருவத்தில் ஆட்டத்துக்கு 15 புள்ளிக்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவர்கள். ஃபெல்டன் 17 புள்ளியோடு 9 அசிஸ்டும் (சகா புள்ளி எடுக்க வழிசெய்யும் பாஸ்) கொடுத்துக்கொண்டிருந்தார். அதாவது தொடக்க ஐவரில் மூன்று பேரையும், மோஸ்கோவ் என்ற ஏழடி உயர இளைஞரையும் கொடுத்து ஒருவரை வாங்கினார்கள். முப்பத்து நான்கு வயதான பில்லப்ஸை இடைக்கால ஏற்பாடு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆந்தனி அவ்வளவு பெறுமானம் உள்ளவர்தானே?

சந்தேகமே இல்லை. 2025-ல் கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனவர். புரூக்ளினில் பிறந்தவர் என்பதால் நியூயார்க்குக்கு வர அவருக்கே ஆசை. பிரச்சினை அந்த ஆசையில்தான் இருந்தது.

அவருடைய ஒப்பந்தம் அந்தக் கோடையில் முடியக்கூடியது. நான்கைந்து மாதம் பொறுத்திருந்தால் நிக்ஸ் யாரையும் கொடுக்காமல் அவரைச் சேர்த்திருக்க வாய்ப்பு இருந்தது. கல்லினாரியும் சாண்ட்லரும் இருக்க, கூடவே ஆந்தனியும் இருந்திருப்பார். பிறகு ஏன் அவசரப்பட்டார்கள்?

இங்கே ஆந்தனி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 2011 கோடையில் லீகுக்கும் ஆட்டக்காரர் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் காலாவதியாகவிருந்தது. புதிய ஒப்பந்தத்தில் சம்பளம் குறையும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். பழைய விதிப்படியே 3 ஆண்டு நீட்டிப்பை, சுமார் 6.5 கோடி டாலரை, டிரேடோடு சேர்த்துக் கையெழுத்திடுவது அவருக்குப் பாதுகாப்பு. நியூயார்க்குக்கும் வர வேண்டும், அந்த நீட்டிப்பும் வேண்டும் என்றால் டிரேட்தான் வழி. இன்னொரு பக்கம் நியூஜெர்ஸி நெட்ஸ் அணியும் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. டென்வரின் மேலாளர் மசாய் உஜிரி இரண்டு அணிகளையும் மாறிமாறிக் காட்டி விலையை ஏற்றினார். அப்போது அவர் அந்த நாற்காலிக்கு வந்து ஓராண்டு கூட ஆகவில்லை. நிக்ஸ் உரிமையாளர் ஜேம்ஸ் டோலனே பேச்சுவார்த்தையில் இறங்கியதாக அன்றைய செய்திகள் சொன்னன. உரிமையாளர் நேரில் வந்து உட்கார்ந்துவிட்டால் எதிரில் இருப்பவருக்கு விலை சொல்லத் தயக்கமே இருக்காது.

எனவே விலை ஏறியதற்கு முதல் காரணம் ஆந்தனியின் ஆட்டம் அல்ல, நிக்ஸின் பயம்.

டிரேடுக்குப் பிறகு யாருக்கு லாபம்?

உடனடிக் கணக்கு டென்வருக்குச் சாதகம். நட்சத்திரத்தை இழந்த அணி மிச்சமிருந்த ஆட்டங்களில் 18 வெற்றி, 7 தோல்வி. நட்சத்திரத்தை வாங்கிய அணி 14 வெற்றி, 14 தோல்வி. வழக்கமான பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃபின் முதல் சுற்றுத் தொடரில் பாஸ்டனிடம் நிக்ஸ் 4-0 என்று சுருண்டது.

ஆனால் கதையை அங்கே நிறுத்துகிறவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். 2012-13-ல் நிக்ஸ் 54 ஆட்டங்களில் வென்றது. ஆந்தனி ஆட்டத்துக்கு 28.7 புள்ளியோடு லீகிலேயே முதலிடம். நிக்ஸ் வரலாற்றில் பெர்னார்ட் கிங்குக்குப் பிறகு அந்தப் பட்டம் வாங்கியவர் அவர்தான். பாஸ்டனை வீழ்த்தி இரண்டாம் சுற்றுக்குப் போய் இண்டியானாவிடம் தோற்றார்கள். அதே பருவத்தில் டென்வர், நட்சத்திரம் என்று சொல்ல ஒருவரும் இல்லாமல், 57 ஆட்டங்களில் வென்றது. பயிற்சியாளர் ஜார்ஜ் கார்லுக்கு ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. ஆனால் பிளே-ஆஃபில் முதல் சுற்றிலேயே கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸிடம் வெளியேறியது. பத்துப் பேர் கூடி இழுக்கும் தேர் வழக்கமான பருவத்தில் நன்றாக ஓடும். ஏப்ரல் பிறந்ததும் நின்றுவிடும்.

அதன் பிறகு நிக்ஸ் சரிந்தது: 2013-14-ல் 37 வெற்றி, அடுத்த பருவத்தில் வெறும் 17. அந்தச் சரிவின் நடுவிலும் 2014 ஜனவரியில் ஆந்தனி ஷார்லட் அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 62 புள்ளி எடுத்தார். அது அணியின் சாதனை. நியூயார்க்கில் அவர் இருந்த காலம் முழுக்க வென்றது ஒரே ஒரு பிளே-ஆஃப் தொடர். 2017-ல் ஓக்லஹோமா சிட்டிக்கு அனுப்பப்பட்டார்.

2016-ன் பிக் மாற்று உரிமை என்னவாயிற்று?

அதுதான் இந்த டிரேடின் வட்டி. 2016-ல் நிக்ஸின் பிக் டென்வருடையதைவிட மேலே, ஏழாவது இடத்தில் விழுந்தது. டென்வர் உரிமையைப் பயன்படுத்தி அதை எடுத்துக்கொண்டு ஜமால் மர்ரியைத் தேர்ந்தெடுத்தது. 2023-ல் டென்வர் முதன்முறையாக சாம்பியன் ஆனபோது நிகோலா யோகிச்சோடு ஜோடி சேர்ந்து ஆடியவர் அதே மர்ரிதான். டிரேட் நடந்தபோது மர்ரிக்கு வயது 13.

பேரம் பேசும்போது கடைசியில் "சரி, இதையும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று சேர்க்கப்படும் பொருள்தான் பல சமயம் விலை உயர்ந்ததாகிவிடுகிறது. ஐந்து ஆண்டு தள்ளி இருக்கும் பிக்கைக் கொடுக்கும் மேலாளர், அது பயனுக்கு வரும் நாளில் பெரும்பாலும் அந்த வேலையில் இருப்பதில்லை. அதனால்தான் தாராளமாகக் கொடுக்கிறார்கள்.

28 புள்ளி என்றால் 28 புள்ளிதானே? அதில் நல்லது, கெட்டது என்ன இருக்கிறது?

ரசிகர்கள் அதிகம் சறுக்குவது இந்த இடத்தில்தான். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒருவர் 22 ஷாட், 8 ஃப்ரீ த்ரோ (எதிரணியின் தவறுக்காகக் கிடைக்கும், யாரும் மறிக்காத எறிதல்) எடுத்து 28 புள்ளி சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃப்ரீ த்ரோக்கள் பெரும்பாலும் இரண்டிரண்டாக வருவதால், ஒவ்வொன்றையும் 0.44 வாய்ப்பு என்று கணக்கிடுவது வழக்கம். ஆக அவர் பயன்படுத்தியது சுமார் 25.5 வாய்ப்பு, வாய்ப்புக்கு 1.10 புள்ளி. இன்னொருவர் 14 ஷாட், 6 ஃப்ரீ த்ரோவில் 22 புள்ளி எடுக்கிறார். அவர் பயன்படுத்தியது 16.6 வாய்ப்பு, வாய்ப்புக்கு 1.32 புள்ளி. மிச்சமிருக்கும் ஒன்பது வாய்ப்புகளை அணியின் மற்றவர்கள் வாய்ப்புக்கு 1.10 என்ற சுமாரான விகிதத்தில் ஆடினாலும் பத்துப் புள்ளி வந்துவிடும். 25.5 வாய்ப்பில் முதல் அணிக்கு 28, இரண்டாம் அணிக்கு 32. செய்தித்தாளில் 28 பெரிதாகத் தெரியும். ஸ்கோர்போர்டில் 32 ஜெயிக்கும்.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. இரண்டாமவர் 14 ஷாட்டுக்கு மேல் ஏன் எடுக்கவில்லை? பல நேரம் அதற்கு மேல் அவரால் உருவாக்க முடியாது என்பதே காரணம். ஷாட் எடுக்க அணிக்கு இருக்கும் 24 நொடிக் கடிகாரத்தில் 5 நொடி மிச்சம், போட்ட திட்டம் கலைந்துவிட்டது, பந்து யாரிடமாவது போக வேண்டும். அந்தப் பந்தை வாங்கி, மறிப்பவரை ஏமாற்றி, ஒரு சுமாரான ஷாட்டையாவது எடுக்கிறவர்தான் நட்சத்திர ஸ்கோரர். அந்தக் கஷ்டமான வாய்ப்புகள் அவர் கணக்கில் விழுவதால் அவருடைய சராசரி குறையும். ஆகவே திறன் விகிதத்தை மட்டும் வைத்து அவரைத் தள்ளிவிடுவதும் அநியாயம். அவருடைய ஷாட்டுகளில் எத்தனை வேறு வழியின்றி எடுத்தவை, எத்தனை சும்மா எடுத்தவை என்று ஆட்டத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆந்தனி இரண்டையும் எடுத்தார். பந்தை நிறுத்தி, மூன்று முறை தோளை அசைத்து, 18 அடியிலிருந்து எழும்பி எறிவது அவருக்கு மிகவும் பிடித்த வேலை. பார்க்க அழகாக இருக்கும். நான்கு சகாக்களும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்கள்.

அப்படியென்றால் பிளே-ஆஃபில் நட்சத்திரம் தேவையா, இல்லையா?

தேவை. பிளே-ஆஃபில் ஒரே எதிரணியோடு ஏழு ஆட்டம் வரை ஆடுவதால், நான்காவது ஆட்டத்துக்குள் உங்களுடைய எல்லாத் திட்டங்களையும் அவர்கள் மனப்பாடம் செய்துவிடுவார்கள். திட்டம் தோற்ற பிறகும் தனியாகப் புள்ளி எடுக்கக்கூடியவர் அங்கேதான் காப்பாற்றுவார்.

ஆனால் இதையும் பாருங்கள். 2000-ல் ஷகீல் ஓ'நீல் அதிகப் புள்ளிக்கான பட்டத்தையும் சாம்பியன் பட்டத்தையும் ஒரே பருவத்தில் வாங்கினார். அடுத்து அதைச் செய்தவர் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், 2025-ல். இடையில் கால் நூற்றாண்டு. ஐவர்சன், கோபி பிரையன்ட், டூரன்ட், ஹார்டன், ஆந்தனி எல்லோரும் அந்த இடைவெளியில் அதிகப் புள்ளிக்கான பட்டம் வாங்கினார்கள்; ஒருவருக்கும் அதே ஆண்டில் கோப்பை கிடைக்கவில்லை.

ஒரு ஸ்கோரர் ஏற்கெனவே இருக்கிறார். இன்னொருவரைச் சேர்த்தால் இரட்டிப்புப் பலன் கிடைக்குமா?

கிடைக்காது. களத்தில் இருப்பது ஒரே பந்து.

டென்வர் இதை ஆந்தனி இருக்கும்போதே அனுபவித்தது. 2006 டிசம்பரில் ஆலன் ஐவர்சனை வாங்கினார்கள். அன்றைய தேதிக்கு லீகில் அதிகப் புள்ளி எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் ஒரே அணியில். 2007-08-ல் 50 வெற்றி, முதல் சுற்றில் லேக்கர்ஸிடம் 4-0 தோல்வி. 2008 நவம்பரில் ஐவர்சனை டெட்ராய்ட்டுக்குக் கொடுத்துப் பில்லப்ஸை வாங்கினார்கள். ஐவர்சன் எடுக்கும் புள்ளிகளில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு எடுப்பவர், ஆனால் பந்தை யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். அந்தப் பருவமே டென்வர் மேற்குப் பிரிவின் இறுதிக்குப் போனது. தொடர்ந்து ஆறு ஆண்டு கிழக்கின் இறுதி வரை போன டெட்ராய்ட், ஐவர்சன் வந்த பருவத்தில் 39 வெற்றியோடு முதல் சுற்றிலேயே வெளியேறியது. ஐவர்சன் மோசமான ஆட்டக்காரர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் வெளியேறிய அணி ஏறியது, நுழைந்த அணி இறங்கியது, அவ்வளவுதான்.

நியூயார்க்கிலும் இதே சிக்கல். 2010-ல் கிட்டத்தட்ட 10 கோடி டாலருக்கு 5 ஆண்டு ஒப்பந்தத்தில் வந்த ஆமரே ஸ்டூடமயர் ஏற்கெனவே அங்கே இருந்தார். அவருக்கும் ஆந்தனிக்கும் பிடித்த இடம் ஒன்றேதான்: கூடைக்குச் சற்றுத் தள்ளி, பக்கவாட்டில். பயிற்சியாளர் மைக் டான்டோனியின் வேகமான பந்துச் சுழற்சி ஆட்டம் ஆந்தனிக்கு ஒத்துவரவில்லை. 2012 மார்ச்சில் டான்டோனி விலகினார். இதற்கிடையே ஒரு சின்ன விஷயம் கவனிக்கத்தக்கது. 2011 டிசம்பரில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு ஒப்பந்தத்தைச் சம்பளக் கணக்கிலிருந்து நீக்கும் சலுகை கிடைத்தது. நிக்ஸ் அதைப் பில்லப்ஸ் மேல் செலவழித்து, கூடைக் காவலர் டைசன் சாண்ட்லரைச் சேர்த்தது. சாண்ட்லர் அந்தப் பருவத்தின் சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரர் ஆனார், அது சரி. ஆனால் ஸ்டூடமயரின் முழங்கால் தளர்ந்தபோது அவருடைய சம்பளத்தை நீக்கச் சலுகை மிச்சமில்லை.

இப்போதைய சம்பள விதிகளில் இந்த மாதிரி டிரேட் சுலபமா, கஷ்டமா?

செய்வது ஓரளவு முடியும். செய்த பிறகு பிழைப்பதுதான் கஷ்டம். 2023-ல் வந்த விதிகளின்படி வரம்புக்கு மேலே இரண்டு கோடுகள் உண்டு, ஏப்ரன் என்கிறார்கள். 2024-25-ல் இரண்டாவது ஏப்ரன் சுமார் 18.9 கோடி டாலர். அதைத் தாண்டிய அணி இரண்டு மூன்று ஆட்டக்காரர்களின் சம்பளத்தைக் கூட்டி ஒரு பெரிய ஆட்டக்காரருக்கு ஈடாக்க முடியாது. டிரேடில் ரொக்கம் கொடுக்க முடியாது. ஏழாண்டு தள்ளி இருக்கும் முதல் சுற்றுப் பிக்கும் முடக்கப்படும். அதாவது தவறு செய்தால் திருத்திக்கொள்ளும் கருவிகளே பறிபோகின்றன.

ஃபீனிக்ஸ் சன்ஸ் இதற்குப் பாடமாகிவிட்டது. 2023 பிப்ரவரியில் கெவின் டூரன்டுக்காக மிக்கல் பிரிட்ஜஸ், கேம் ஜான்சன், நான்கு முதல் சுற்றுப் பிக்குகள், ஒரு மாற்று உரிமை ஆகியவற்றைக் கொடுத்தார்கள். அதே கோடையில் பிராட்லி பீலையும் வாங்கினார்கள். டெவின் புக்கரோடு சேர்த்து மூன்று ஸ்கோரர்கள். மறிக்க ஆள் இல்லை, பந்தைக் கொண்டுவர ஆள் இல்லை, பெஞ்சில் குறைந்தபட்சச் சம்பளக்காரர்கள். 2024-ல் மினசோட்டாவிடம் முதல் சுற்றில் 4-0. 2024-25-ல் 36 வெற்றி, 46 தோல்வி, பிளே-ஆஃபே இல்லை. 2025 கோடையில் டூரன்ட் ஹூஸ்டனுக்குப் போனார். டூரன்ட் அந்த இரண்டு முழுப் பருவங்களிலும் சிறப்பாகத்தான் ஆடினார். ஆட்டத்துக்கு 26 புள்ளிக்கு மேல், அதுவும் அபாரமான திறனோடு. அவர் செய்ய வேண்டியதை அவர் செய்தார்.

பிக்குகளை எல்லாம் கொடுத்துவிட விதி அனுமதிக்கிறதா?

அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுப் பிக்குகளை ஓர் அணி இழக்க முடியாது. எண்பதுகளின் தொடக்கத்தில் கிளீவ்லாந்து உரிமையாளர் டெட் ஸ்டெப்பியன் பிக்குகளை வாரி இறைத்ததால் வந்த விதி. இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. அணிகள் ஓராண்டு விட்டு ஓராண்டு பிக்கைக் கொடுத்து, நடுவே வரும் ஆண்டுகளில் மாற்று உரிமையைக் கொடுத்து விதியைச் சமாளிக்கின்றன.

நன்றாக முடிந்த டிரேட் ஒன்றாவது உண்டா?

உண்டு. 2018 ஜூலையில் டொராண்டோ ராப்டர்ஸ் கவாய் லெனர்டை வாங்கியது. கொடுத்தது டெமார் டெரோசன், யாக்கோப் போல்டல், பாதுகாப்பு நிபந்தனையோடு (மிக மேலான இடத்தில் விழுந்தால் கொடுக்க வேண்டியதில்லை) கூடிய ஒரு முதல் சுற்றுப் பிக். லெனர்டோடு டேனி கிரீனும் கிடைத்தார். 2019-ல் கோப்பை. பேரம் பேசியவர் வேறு யாருமல்ல, 2011-ல் ஆந்தனியை விற்ற அதே உஜிரி.

ஏன் பலித்தது என்று பார்த்தால், ஒரு ஸ்கோரரைக் கொடுத்து இன்னொரு ஸ்கோரரை வாங்கினார்கள். கைல் லௌரி, பாஸ்கல் சியாக்கம், ஃப்ரெட் வான்வ்லீட், செர்ஜ் இபாக்கா எல்லோரும் அப்படியே இருந்தார்கள். லெனர்ட் புள்ளி எடுப்பதோடு எதிரணியின் சிறந்தவரை மறிக்கவும் செய்வார். அவர் ஓராண்டில் போய்விடலாம் என்பது தெரிந்தே வாங்கினார்கள், போயும்விட்டார். கோப்பை இருக்கிறது.

அவர் போன இடத்தில் நடந்தது வேறு கதை. லெனர்டுக்குத் துணையாகப் பால் ஜார்ஜை வாங்க, கிளிப்பர்ஸ் அணி ஓக்லஹோமா சிட்டிக்கு ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், கல்லினாரி, ஐந்து முதல் சுற்றுப் பிக்குகள், இரண்டு மாற்று உரிமைகளைக் கொடுத்தது. ஆமாம், அதே கல்லினாரி. பெரிய டிரேட் எங்கே நடந்தாலும் மனிதர் பெட்டியோடு நிற்கிறார். அந்தப் பிக்குகளில் ஒன்றுதான் 2022-ல் ஜேலன் வில்லியம்ஸ் ஆயிற்று. 2025-ல் ஓக்லஹோமா கோப்பையை வென்றபோது முதல் இரண்டு ஸ்கோரர்களும் கிளிப்பர்ஸ் கொடுத்தவர்கள்.

தடுப்பவரைக் கொடுத்து எடுப்பவரை வாங்கினால்?

மில்வாக்கியைக் கேளுங்கள். 2020-ல் அவர்கள் பல பிக்குகளைக் கொடுத்து ஜ்ரூ ஹாலிடேயை வாங்கினார்கள். நல்ல ஸ்கோரர், அதைவிட நல்ல தடுப்பாளர். 2021-ல் கோப்பை. 2023 செப்டம்பரில் அவரைக் கொடுத்து டேமியன் லில்லர்டை வாங்கினார்கள். புள்ளி எடுப்பதில் லில்லர்ட் ஒரு படி மேல், தடுப்பதில் பல படி கீழ். போர்ட்லாந்துக்குப் போன ஹாலிடே சில நாளிலேயே பாஸ்டனுக்கு மாற்றப்பட்டார். 2024 கோப்பை பாஸ்டனுக்கு. மில்வாக்கி இரண்டு ஆண்டும் முதல் சுற்றிலேயே இண்டியானாவிடம் தோற்றது. காயங்களும் படுத்தின என்பது உண்மை: 2024-ல் அணியின் பெரிய நட்சத்திரம் யானிஸ் ஆடவில்லை, 2025-ல் லில்லர்டின் குதிகால் தசைநார் அறுந்தது. ஆனால் ஹாலிடேயை எதிரியின் கையில் கொண்டுபோய்ச் சேர்த்ததற்குக் காயத்தைக் குறை சொல்ல முடியாது.

நட்சத்திரம் வந்தால் கூட்டம் வரும், வருமானம் வரும். அது கணக்கில் வராதா?

உரிமையாளர் கணக்கில் வரும். ஆந்தனி வந்த அடுத்த மாதமே, அரங்கப் புதுப்பிப்பைக் காரணம் காட்டி, நிக்ஸ் தன் சீசன் டிக்கெட் விலையைச் சராசரியாக 49 சதவீதம் உயர்த்தியது. ரசிகருக்கு அதில் என்ன லாபம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் வேறு எதைப் பார்க்க வேண்டும்?

வயதையும், டிரேடை மறுக்கும் உரிமையையும். 2014-ல் ஆந்தனியோடு 12.4 கோடி டாலருக்கு 5 ஆண்டு ஒப்பந்தம் போட்டபோது நிக்ஸ் அந்த மறுப்புரிமையையும் கொடுத்தது. அதனால் 2017-ல் அவரை எங்கே அனுப்புவது என்பதை அவரும் சேர்ந்துதான் தீர்மானித்தார். பீலுக்கும் அதே உரிமை இருந்ததால்தான் ஃபீனிக்ஸ் அவரை விற்க முடியாமல் திணறி, கடைசியில் பணம் கொடுத்து விடுவித்தது.

"வேண்டாம்" என்று சொல்லிப் பிழைத்த அணி உண்டா?

வேடிக்கை என்னவென்றால், அதுவும் நிக்ஸ்தான். 2022 கோடையில் யூட்டாவின் டோனவன் மிட்செலை வாங்க எல்லோரும் நிக்ஸைத்தான் எதிர்பார்த்தார்கள். யூட்டா கேட்ட விலையைக் கொடுக்க மறுத்தார்கள். கிளீவ்லாந்து கொடுத்தது: லாரி மார்க்கனன், காலின் செக்ஸ்டன், ஒச்சாய் அக்பாஜி, மூன்று முதல் சுற்றுப் பிக்குகள், இரண்டு மாற்று உரிமைகள். நிக்ஸ் அதற்குச் சில வாரம் முன்பு, ஈடாக யாரையும் கொடுக்காமல், ஒப்பந்தம் முடிந்து விடுதலையான ஜேலன் பிரன்சனை 10.4 கோடி டாலருக்கு 4 ஆண்டு ஒப்பந்தத்தில் சேர்த்திருந்தது. 2023 பிளே-ஆஃபின் முதல் சுற்றில் இருவரும் நேருக்கு நேர் மோதினார்கள். நிக்ஸ் 4-1.

இதை வைத்துக் கிளீவ்லாந்தைக் கிண்டல் செய்ய வேண்டாம். மிட்செல் ஒரே ஆட்டத்தில் 71 புள்ளி எடுத்தவர், ஒப்பந்தத்தையும் நீட்டித்தார், 2024-25-ல் அணி 64 ஆட்டங்களில் வென்றது. அவர்களால் அந்த விலையைத் தாங்க முடிந்ததற்குக் காரணம், கூடைக் காவலுக்கு ஜாரெட் ஆலனும் எவன் மோப்லியும் கையை விட்டுப் போகவில்லை.

2011-ல் முடிவு உங்கள் கையில் இருந்திருந்தால்?

வில்சன் சாண்ட்லர், ஃபெல்டன், 2014 பிக். அதோடு நிறுத்தியிருப்பேன். கல்லினாரியோ மோஸ்கோவோ, ஒருவரைக் கேட்டிருந்தால் யோசித்திருப்பேன். 2016 உரிமையைக் கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். நெட்ஸ் அவரைக் கொண்டுபோய்விடும் என்ற பயம் அப்போது நியாயமாகத்தான் தெரிந்தது. ஆனால் நீட்டிப்பில் கையெழுத்திட வேண்டியவர் ஆந்தனி. அவருடைய மனம் நியூயார்க்கில் இருந்தது. ஆந்தனி கிடைக்காத நெட்ஸ், அடுத்த நாளே யூட்டாவிடம் டெரன் வில்லியம்ஸை வாங்கிக்கொண்டு போய்விட்டது.